குறைந்தது மூன்று பல்

நோர்வூட்டில் பஸ்ஸை விட்டிறங்கி
ஆற்றுப்பக்கம் சரிவில் வந்தால் எங்கள் மில்லு.
பெயர்ப்பலகை கிடையாது.
சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரலாம்.

சுவரில் ஆணிக்கு ஆணி
வளையமாய்த் தொங்குபவை அலகுகள்.
பதினாறடி நீளத்தை
ஒரு காலால் மிதித்து, மணிக்கட்டைத் திருப்பி
மூன்று வளையமாய் மடக்கப் பழக
எனக்கு ஏழு மாதமும் நான்கு தையலும் ஆயின.
தையல் கட்டைவிரலில்.
கைரேகை எடுக்க வந்த உத்தியோகத்தர்
இரண்டு முறை மை பூசிப் பார்த்தார்.

பச்சைச் சவுக்குக்கு
அங்குலத்துக்கு இரண்டு பல். அதற்கு மேல் ஆகாது.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் வேண்டும்;
ஈரத்தூள் போக இடமில்லாவிட்டால்
அலகு வழி மறந்து
பலகையில் அலை வரையும்.
டர்பண்டைன் மரம் பிசின் கக்கும்,
மண்ணெண்ணெய்த் துணியால் அடிக்கடி முகம் துடைத்துவிட வேண்டும்.
காய்ந்த பலா வேறு குணம்:
பல்லைச் சிறிதாக்கித் தள்ளுவதை மெதுவாக்கினால்
மஞ்சளாய், மாவாய் இறங்கும்.
நாற்காலிக் கைக்கு வளைவு கேட்டால்
சுண்டுவிரல் அகலத்தில் பாதி போதும்.
அகன்ற அலகு, கொண்டையூசி வளைவில்
மாட்டிக்கொண்ட நீள லொறி.
மெத்தைக்காரரின் ரப்பர் பஞ்சுக்குப் பல்லே கூடாது,
வெறும் கத்தி விளிம்பு.

இரும்புக்குப் பொடிப்பல், நிதான ஓட்டம்.
தகடு எவ்வளவு மெல்லியதானாலும்
அதன் கனத்துக்குள் ஒரே நேரத்தில்
குறைந்தது மூன்று பல் நிற்க வேண்டும்.
ஒற்றைப் பல் தனியே போய் மாட்டினால்
அங்கேயே உதிரும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
தரையைப் பெருக்கியவள் நான், பற்களை எண்ணினேன்.

போன செவ்வாய்
எட்டாம் நம்பர் மலையிலிருந்து
வெட்டி இறக்கிய சவுக்கு.
அந்தப் பக்கம் இழுத்தது மரியசெல்வம்.
மூன்றாம் பலகையில் பாதி வழியில்
ஒரு சின்னக் கணீர்.
அப்புறம் கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி போலப் பற்கள்.

உளியால் திறந்தோம்.
மை கொட்டியதுபோல் மரம் கறுத்திருந்தது.
நடுவே கட்டைவிரல் கனத்தில் ஒரு கொக்கி,
பாரம் தொங்கித் தொங்கி
ஒரு பக்கம் தேய்ந்த கொக்கி.
"தராசு மரம்" என்றார் மரியசெல்வம்.
நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்,
அதன் நிழலில் நான்கு வருஷம்
கொழுந்துச் சாக்கோடு நின்றபோது.
அங்கே தராசு தொங்கி யாரும் பார்த்ததில்லை.
எங்கள் நாளில் பெட்டரி போட்ட மெஷின்.
சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு
என்ற கழிவு மட்டும் பழையது.

மரமும் இரும்பும் ஒன்றாய் வளர்ந்த கட்டைக்கு
எந்த அலகு?
சுவரில் இல்லை.
பட்டியைப் பெரிய கப்பிக்கு மாற்றி
இரும்பின் அலகையே மாட்டினேன்.
மரத்தூள் பொடிப்பல்லை அடைத்தது; புகைந்தது;
நிறுத்தி, தூரிகையால் தட்டி, மறுபடி.
ஒரு சாண் அறுக்க ஒன்றரை மணி நேரம்.
பலகையில் கொக்கியின் வெட்டுமுகம்
இரண்டு வெள்ளிக் காசாய் மின்னியது.

பந்துல முதலாளி கணக்கெழுதினார்:
புது அலகின் விலையில் பாதி என் பெயரில்.

சனிக்கிழமை கந்தோர் வாசலில்
நான் தனியே நிற்கவில்லை.
மரியசெல்வம் இருந்தார்,
அலகு ஒட்டவைக்கும் நிலாந்தியும் இருந்தாள்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி.
நிறையப் பேசவில்லை.
மழை வலுத்தது. முதலாளி பேனாவைத் தேடினார்.
பாதி, காலாயிற்று.

மீந்த கொக்கித் துண்டை
அட்டனில் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கொண்டுபோனேன்.
நிறுத்தார். எண்ணூறு கிராம்.
துருவுக்கு நூறு கழித்தார்.